குருதியும் கொழுந்தும்: மலையகத் தோட்டத் தொழிலாளரின் சிறுகுடல் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் மூன்று கோணங்களிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. காட்டை அழித்துக் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் பயிரிட்ட மூலதனத்தின் வரலாறு ஒன்று. கங்காணி முறை, கடன், தொழிற்சங்கம் என்பனவற்றின் வரலாறு மற்றொன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தையும் மையமாகக் கொண்ட அரசியல் வரலாறு மூன்றாவது. இம்மூன்றும் இன்றியமையாதவையே. ஆயினும், இவற்றுள் தொழிலாளியின் உடல் ஓர் எண்ணாக மட்டுமே வந்து போகின்றது. அவ்வுடலினுள்ளே நிகழ்ந்தவை மருத்துவ நூல்களுக்குரியவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன.

இவ்வொதுக்கம் சரியானதன்று என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்தாகும். தொழிலாளி உண்ட உணவு எது என்பதைத் தோட்ட நிருவாகமும் கூலி விகிதமும் தீர்மானித்தன என்பதை நாம் அறிவோம். ஆனால், உண்ட உணவில் எவ்வளவு உடலிற் சேர்ந்தது என்பதையும் அதே உற்பத்தி உறவுகளே பெருமளவு தீர்மானித்தன என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. உணவு குருதியாக மாறும் இடம் சிறுகுடல். எனவே சிறுகுடலுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. 1916 ஆம் ஆண்டிலும் 1970களிலுமாக இருமுறை நவீன விஞ்ஞானம் மலையகத் தொழிலாளரின் குருதிச்சோகையை அணுகி ஆராய்ந்தது. இரு சந்தர்ப்பங்களிலும் அது கண்டறிந்தவை உண்மைகள். இரு சந்தர்ப்பங்களிலும் அவ்வுண்மைகளின் பெறுமதி உழைப்பின் அளவைக் கொண்டே எடுத்துரைக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்ட ஒருவர் உடற்றொழிலியலுக்குட் புகுவது பொருத்தமா என்ற வினா எழலாம். மலையக இலக்கியத்தில் ‘உதிரம் உறிஞ்சப்படுதல்’ என்பது மிகப் பழகிப்போன உருவகம். அவ்வுருவகத்தின் பௌதிக அடிப்படை யாதென அறிய முற்பட்டமையே இவ்வாய்வின் தொடக்கம் என்பதை மட்டும் ஈண்டு குறிப்பிடுதல் போதுமானது.

2. உறிஞ்சலின் இயல்பு

சிறுகுடல் உணவு கடந்து செல்லும் ஒரு குழாய் மாத்திரமே என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. உண்மை அதனின்றும் வேறானது. ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான அவ்வுறுப்பின் உட்சுவர் எண்ணற்ற சடைமுளைகளாக விரிந்துள்ளது. அச்சடைமுளைகளைப் போர்த்திருக்கும் கலங்கள் ஒவ்வொன்றும் எதனை உள்ளே விடுவது, எதனைத் தடுப்பது என்பதை உடலின் தேவைக்கேற்பச் சீர்செய்து கொண்டிருக்கின்றன. இச்சீர்செய்கைக்கு அவை பயன்படுத்தும் சமிக்ஞைகளுள் முதன்மையானவற்றுள் ஒன்று கல்சிய அயன் ஆகும்.

கல்சியம் என்றதும் எலும்பும் பல்லுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தவளையின் இதயம் உடலுக்கு வெளியே துடித்துக்கொண்டிருப்பதற்குக் கல்சியம் இன்றியமையாதது என்பதை 1883 இல் சிட்னி ரிங்கர் இலண்டனில் எடுத்துக்காட்டிய நாள் தொட்டு, அது உயிர்க் கலங்களின் செய்தியாளனாகவும் விளங்குவது படிப்படியாகத் தெளிவாகியது. கலத்தினுள்ளே கட்டற்று உலவும் கல்சியத்தின் செறிவு வெளியே உள்ளதிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இவ்வேறுபாடே அதன் ஆற்றலுக்குக் காரணம். ஓசையற்ற அறையில் மெல்லிய குரலும் தெளிவாகக் கேட்பது போல, சிறிதளவு கல்சியம் உட்புகினும் கலம் அதனை ஒரு கட்டளையாக ஏற்கின்றது. குடற்சுவரின் தசை சுருங்குவதும், உணவு வந்தடைந்ததை அறிந்த கலங்கள் ஓமோன்களைச் சுரப்பதும், அயற்கலங்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் இறுகுவதும் தளர்வதும் இச்சமிக்ஞையோடு தொடர்புடையன. கலத்துக்கு வெளியே உள்ள கல்சியத்தின் அளவை உணரும் ஏற்பி ஒன்று 1993 இல் இனங்காணப்பட்டது. அது குடற்கலங்களிலும் உள்ளது என்பது பின்னர் அறியப்பட்டது.

உணவில் கல்சியம் குறையும்போது, விற்றமின் டீயிலிருந்து உருவாகும் ஓமோன் முன்சிறுகுடற் கலங்களைத் தூண்டிக் கல்சியத்தைக் கூடுதலாக உறிஞ்சச் செய்கின்றது. இரும்புக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. குருதியில் இரும்பு குறையும்போது, ஈரலில் உருவாகும் எப்சிடின் என்னும் ஓமோன் குறைகின்றது. அதனால் குடலின் வாயில் அகலத் திறக்கின்றது. இதன் பொருள் யாது? பட்டினியுற்ற உடல் வாளாவிருப்பதில்லை. கிடைத்த சிறிதளவிலிருந்து இயன்ற அளவு பெற்றுக்கொள்ள அது போராடுகின்றது.

ஆயின், இப்போராட்டத்துக்கு எல்லைகள் உள. தொற்றும் அழற்சியும் நீடிக்குமாயின் எப்சிடின் மீண்டும் உயர்ந்து இரும்பின் வாயிலை மூடிவிடுகின்றது. அசுத்தமான நீரும் மண்ணும் சூழ்ந்த வாழ்க்கையிற் சடைமுளைகள் தட்டையாகி உறிஞ்சும் பரப்பே சுருங்குகின்றது. இரும்பு வேண்டி உடல் வாயிலைத் திறக்க, தொற்று அதனை மூடுகின்றது. இம்முரண்பாடு உடலினுள் நிகழ்வதாயினும், அதன் ஒரு பக்கத்தை இயக்குவது உடலுக்கு வெளியிலுள்ள சமூக நிலைமையாகும். இதனை மனங்கொண்டே தோட்டத்தின் வரலாற்றை இனி அணுகுதல் வேண்டும்.

3. லயமும் மண்ணும்

1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை தென்னிந்தியத் தொழிலாளரை மலைநாட்டுக்கு ஈர்த்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தோருட் பலர் வழியிலேயே மாண்டனர். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து மீள்வோராயிருந்தனர். 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் வணிக நோக்கிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். எனவே நிலையான தொழிலாளர் படை வேண்டப்பட்டது. பெண்களும் சிறுவரும் அடங்கிய குடும்பங்கள் வேண்டப்பட்டன. இம்மாற்றத்தின் கட்டட வடிவமே லயம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயத்தில் நூற்றுக்கணக்கானோர் நிரந்தரமாக வாழ்ந்தனர். ஆனால், மலசலகூடங்கள் பெரும்பாலும் அமைக்கப்படவில்லை. லயத்தின் பின்புறமும் தேயிலை மலையின் நிழலுமே அதற்குரிய இடங்களாயின. தொழிலாளர் வெறுங்காலுடன் அதே மண்ணில் நடந்தனர். அதே மண்ணில் நின்று கொழுந்தெடுத்தனர்.

கொழுக்கிப் புழுவின் வாழ்க்கை வட்டத்துக்கு இதனினும் உகந்த சூழல் வேறில்லை. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமும் வெப்பமும் நிழலும் பொருந்திய மண்ணில் ஓரிரு நாள்களிற் பொரிக்கின்றன. அடுத்த சில நாள்களில் குடம்பிகள் தொற்றவல்ல நிலையை அடைந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. பின்னர் குருதிவழியே நுரையீரலையும், அங்கிருந்து தொண்டை வழியே சிறுகுடலையும் அடைகின்றன. அங்கே குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகின்றன. குருதி உறைவதற்குக் கல்சிய அயன் இன்றியமையாதது. உறைதல் என்பது பல படிகள் கொண்ட தொடர்ச்செயல். அத்தொடரின் ஒரு படியைத் தடுக்கும் புரதத்தைக் கொழுக்கிப் புழு சுரக்கின்றது. எனவே புழு இடம் மாறிய பின்னரும் பழைய காயத்திலிருந்து குருதி கசிந்துகொண்டே இருக்கும்.

இதன் கணக்கை நோக்குவோம். இலங்கையிற் பெரிதும் காணப்படும் நெக்கேற்றர் அமெரிக்கானசு என்னும் இனத்தைச் சேர்ந்த புழுவொன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதி இழக்கப்படுகின்றது. அற்பமான அளவு. ஆனால் 100 புழுக்கள் உள்ள ஒருவர் நாள்தோறும் 3 மில்லிலீற்றர் குருதியை இழக்கின்றார். அவர் ஏற்கெனவே சோகையுற்றவராயினும், அவ்விழப்பில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு அடங்கியிருக்கும். அதில் ஒரு பகுதியைக் குடல் மீள உறிஞ்சிக்கொள்ளலாம். நலமான ஒருவரின் குடல் முழு நாளிலும் உணவிலிருந்து பெறும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராமே. அதாவது, ஒரு நாள் உழைத்து, அக்கூலியில் உண்டு, உடல் ஈட்டியதில் பெரும் பங்கு அன்றே கழிந்துவிடுகின்றது. மாதவிடாயும் மகப்பேறும் உடைய பெண்ணின் கணக்கு இதனினும் கடுமையானது. தோட்டக் கடையின் பற்றுச்சீட்டிலே என்றும் தீராத கடன் கொண்டிருந்த குடும்பங்களின் குருதிக் கணக்கும் அவ்வாறே அமைந்திருந்தது.

இந்நோயின் பெயரே நீண்டகாலம் தெளிவற்றிருந்தது. குடியேற்ற அரசின் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1887 இல் எழுதிய அறிக்கை ‘இலங்கையின் குருதிச்சோகை அல்லது பெரிபெரி’ என்பதைப் பொருளாகக் கொண்டது. தலைப்பிலுள்ள ‘அல்லது’ என்னும் சொல்லே அக்கால மருத்துவத்தின் தடுமாற்றத்தைக் காட்டுகின்றது. பெரிபெரி எனக் கருதப்பட்டதிற் பெரும் பகுதி கொழுக்கிப் புழு நோயே என்பது பின்னர் தெளிவாயிற்று. இப்புழுவை 1838 இல் மிலானில் டுபினி கண்டிருந்தார். 1880 இல் அல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொதார்ட் சுரங்கப் பாதை அமைத்த இத்தாலியத் தொழிலாளரிடையே அது கொள்ளைநோயாகப் பரவியபோதே அதன் கொடுமை ஐரோப்பாவில் உணரப்பட்டது. இந்நோயின் வரலாறு தொடக்கத்திலிருந்தே, பெருந்தொகையாகத் திரட்டப்பட்டுச் சுகாதார வசதியின்றிக் குடியமர்த்தப்பட்ட கூலி உழைப்பின் வரலாறாக விளங்குவது மனங்கொள்ளத்தக்கது.

4. 1916 - 1922: மருந்தும் மலசலகூடமும்

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872 இலேயே இயற்றப்பட்டது. 1912 இல் அது புதிய வடிவம் பெற்றது. ஆயினும் கொழுக்கிப் புழுவுக்கெதிரான திட்டமிட்ட நடவடிக்கை அமெரிக்காவின் றொக்கபெல்லர் நிறுவனத்தின் வருகையுடனேயே தொடங்கிற்று. அந்நிறுவனம் 1909 முதல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்நோய்க்கெதிராகச் செயற்பட்டு, 1913 இல் சர்வதேச சுகாதார ஆணைக்குழுவை அமைத்தது. அவ்வாணைக்குழுவின் சார்பில் விக்ரர் ஐசர் இலங்கைக்கு வந்து, அரசுடனும் தோட்டத்துரைமாரின் சங்கத்துடனும் பேச்சு நடத்தினார். 1916 இல் மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் இயக்கம் ஆரம்பமாயிற்று. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரிடம் புழுத் தொற்று காணப்பட்டது.

சிகிச்சை முறை எளிதாயிருக்கவில்லை. முதனாள் இரவு பட்டினி; காலையில் தைமோல்; பின்னர் பேதியுப்பு. அன்று வேலைக்குச் செல்ல இயலாது. பின்னர் கெனோபோடிய எண்ணெயும், 1921 இற்குப் பின் காபன் நாற்குளோரைட்டும் பயன்படுத்தப்பட்டன. இவை யாவும் நச்சுத்தன்மை கொண்டவை. மருந்தைத் தொழிலாளர் ஐயத்துடன் நோக்கினர். அவர்களது அறியாமையே இதற்குக் காரணம் என்று அக்கால அலுவலர் கருதினர். மருந்துண்ட நாளின் துன்பத்தையும், துரையின் கட்டளைப்படி வரிசையில் நிறுத்தப்பட்டு விழுங்க வேண்டியிருந்த நிலையையும் எண்ணுமிடத்து, அவ்வையத்தை அறியாமை எனச் சுருக்கிவிடுதல் நியாயமாகாது.

இவ்வியக்கத்தைத் தோட்டத்துரைமார் ஏற்றுக்கொண்டமைக்கான காரணம் ஆராயத்தக்கது. நோய் நீங்கினால் உழைப்புத் திறன் உயரும் என்பதே அவர்களுக்கு முன்வைக்கப்பட்ட வலுவான வாதம். அமெரிக்கப் பத்திரிகையுலகம் 1902 அளவில் இப்புழுவைச் ‘சோம்பலின் கிருமி’ எனப் பெயரிட்டிருந்தது. அதுவரை ‘சோம்பேறிக் கூலி’ என்ற வசை தொழிலாளியின் இயல்பைக் குறித்ததாக இருந்தது. இப்போது அச்சோம்பல் ஒரு புழுவின் செயல் என்று விளக்கம் பெற்றது. இஃது ஒருவகையில் முன்னேற்றமே. ஆனால், ஓய்வற்ற வேலையும் குறைந்த உணவும் கொண்ட உடல் தளர்வதற்குப் புழு ஒன்றே காரணம் என்றாகும்போது, வேலை நாளும் கூலியும் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன.

இதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. மருந்து கொடுக்கப்பட்ட தொழிலாளர் சில மாதங்களில் மீண்டும் தொற்றுக்கு உள்ளாயினர். மண் மாறவில்லை. மண்ணை மாற்றுவதற்கு மலசலகூடங்கள் வேண்டும். அவற்றுக்குத் தோட்ட நிருவாகம் மூலதனம் செலவிடுதல் வேண்டும். மருந்துக்கு ஒத்துழைத்த துரைமாருட் பலர் இவ்விடத்திலே பின்வாங்கினர். சுகாதார ஏற்பாடின்றி மருந்தளித்துப் பயனில்லை என்பதை றொக்கபெல்லர் மருத்துவர்களே வற்புறுத்த நேர்ந்தது. 1922 அளவில் தோட்டங்களை மையமாகக் கொண்ட அவ்வியக்கம் முடிவுற்றது. அதன் படிப்பினையிலிருந்தே 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிற்று. இலங்கையின் பொதுச் சுகாதாரச் சேவை நாடெங்கும் போற்றப்படுவது. அதன் தொடக்கங்களுள் ஒன்று மலையகத் தொழிலாளரின் குடலில் உள்ளது என்பதும், அச்சேவையின் முழுப்பயனும் கடைசியாகச் சென்றடைந்த இடங்களுள் ஒன்று தோட்டமே என்பதும் நம் வரலாற்றின் கசப்பான உண்மைகளாகும்.

5. அரிசி, மா, தேநீர்

கொழுக்கிப் புழு ஒன்றினாலேயே மலையகத்தின் சோகையை விளக்கிவிட முடியாது. அதன் குடம்பிக்கு வெப்பம் வேண்டும். எனவே மாத்தளை, கேகாலை போன்ற தாழ்ந்த, நடுத்தர உயரத் தோட்டங்களில் அதன் ஆதிக்கம் மிகுதி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர்ந்த மண்ணில் அது பெருகுவதரிது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் வட்டப்புழுவே கூடுதலாகக் காணப்பட்டது. அது குருதியை உறிஞ்சுவதில்லை. ஆயினும் இடைச்சிறுகுடலில் வாழ்ந்து கொழுப்பும் விற்றமின் ஏயும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது. உயர்ந்த மலைகளின் பெண்களிடையேயும் சோகை பரவலாயிருந்தமைக்கு உணவையும் நோக்குதல் அவசியமாகின்றது.

தோட்டத்திலே கூலி முழுவதும் பணமாகக் கைக்கு வந்ததில்லை. அரிசி தோட்டத்தால் வழங்கப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த கூலியை விதித்த 1927 ஆம் ஆண்டுச் சட்டமும் அரிசி வழங்கலைக் கூலியின் அங்கமாகவே கருதியது. அதே சட்டம் பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த கூலியை ஒழுங்காக்கியது. அவ்வேறுபாடு 1984 வரை நீடித்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரத்து குன்றிற்று. கோதுமை மா பங்கீட்டில் இடம்பெற்றது. ரொட்டியும் சம்பலும் தேநீரும் லயத்தின் அன்றாட உணவாகின.

இவ்வுணவின் தன்மையைக் குடலின் நிலையிலிருந்து நோக்குவோம். இறைச்சியிலும் மீனிலுமுள்ள இரும்பில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் குடல் உறிஞ்சவல்லது. தானியத்திலும் இலைக்கறியிலுமுள்ள இரும்பிலோ பத்திலொரு பங்கு கிடைப்பதே அரிது. தீட்டிய அரிசியிலும் வெள்ளை மாவிலும் இரும்பு இயல்பாகவே குறைவு. அச்சிறிதளவுக்கும் ஒரு தடை உண்டு. தேநீரிலுள்ள தனின் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கரையாத சேர்வையாகி, அதனைக் குடல் உறிஞ்சாதவாறு செய்துவிடுகின்றன. பாணையும் அரிசி உணவையும் கொண்டு தென்னாபிரிக்க ஆய்வாளர் 1975 இல் இதனை நிறுவினர். கொழுந்தின் நல்ல பகுதி இலண்டன் ஏலத்துக்குச் செல்ல, எஞ்சிய தூளின் கடுஞ்சாயம் லயத்துக்கு வந்தது. பாலுக்கும் இறைச்சிக்கும் வழியற்ற உணவில் பசியை அடக்கியதும், குளிரில் உடலுக்கு வெம்மை தந்ததும் அச்சாயமே. தன் கையாற் பறித்த இலையே தன் உணவின் இரும்பைத் தடுக்கும் நிலை, உழைப்பின் விளைபொருள் உழைப்பாளிக்கு அந்நியமாகி அவனுக்கெதிராக நிற்கும் என்ற மார்க்சியக் கருத்துக்கு இதனினும் நேரடியான சான்று காண்டல் அரிது.

6. 1970கள்: சோகையும் நிறுவைத் தராசும்

1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய், தானிய விலைகள் உயர்ந்தன. அரசு உணவுப் பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்தவருக்கு மரவள்ளியோ பலாவோ ஓரளவு கைகொடுத்தன. தனக்கெனச் சொந்தமாக ஒரு காணித்துண்டும் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அவ்வழியும் இல்லை. நாட்டின் வேறெப்பகுதியிலும் இல்லாத அளவுக்குத் தோட்டங்களில் இறப்பு விகிதமும் சிசு மரண விகிதமும் உயர்ந்தன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி நோக்கிப் பெயர்ந்தன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய அதே காலத்திலேயே இவை நிகழ்ந்தன. உடைமை மாறியமை மட்டும் உற்பத்தி உறவின் உள்ளடக்கத்தை மாற்றிவிடாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

இப்பத்தாண்டிலேயே குருதிச்சோகை பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆய்வொன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடைபெற்றது. பேராதனை மருத்துவபீடத்தில் பேராசிரியராயிருந்த சேனவிரத்னவும் எட்கேர்ட்டன் முதலான அமெரிக்க ஆய்வாளரும் பிறரும் இணைந்து நடத்திய அவ்வாய்வின் முடிவுகள் 1979 இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியாயின. கொழுந்து பறிப்போருள் ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும், மற்றொரு சாராருக்குச் சத்தற்ற போலி மருந்தும் வழங்கப்பட்டன. ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறை குறிக்கப்பட்டது. ஒரு மாதத்தில், ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் முன்னையிலும் கூடுதலாகக் கொழுந்தெடுத்தனர். சோகை கடுமையாயிருந்தோரிடமே முன்னேற்றம் மிகுதியாயிருந்தது.

இவ்வாய்வின் விஞ்ஞானப் பெறுமதி மறுக்க இயலாதது. சோகையுற்றவர் ‘களைப்பாயிருக்கின்றது’ என்று கூறுவது சாக்குப்போக்கு அன்று என்பதை அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. ‘அரைப் பேர்’ போடப்பட்டு அரைநாட் கூலியோடு திருப்பப்பட்ட எத்தனையோ பெண்களின் வாய்மொழிக்கு அது காலம் தாழ்ந்து கிடைத்த சாட்சி. ஆயினும், அச்சாட்சியம் எவ்வளவையினால் அளக்கப்பட்டது என்பதை நாம் வினவுதல் வேண்டும். பிள்ளையைத் தூக்கி எத்தனை படி ஏற முடிந்தது, மாலையில் எவ்வளவு நேரம் தன் குடும்பத்தோடு இருக்க முடிந்தது என்பன அதன் தலையாய அளவையாகவில்லை. ஆய்வாளர் உடலசைவைப் பதியும் கருவியையும் பயன்படுத்தினர் எனினும், உலகம் நினைவிற்கொண்டது கொழுந்தின் நிறையையே. இதற்கு ஆய்வாளரைக் குறைகூறுதல் தவறு. தொழிலாளியின் நலத்துக்குச் செலவிட வேண்டும் என ஆட்சியாளரை இணங்கச் செய்ய, உற்பத்தி பெருகும் என்று காட்டுவதை விட வேறு மொழி அவர்களுக்கு இருக்கவில்லை. 1916 இல் ஐசர் பேசியதும் அம்மொழியே. இடைப்பட்ட அறுபதாண்டுகளில் நாடு சுதந்திரம் பெற்றது, தோட்டம் அரசுடைமையாயிற்று, அம்மொழி மாறவில்லை.

7. உருவகமும் உண்மையும்

மூலதனம் உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே வாழ்கின்றது என்பதைக் கூற மார்க்ஸ் குருதி குடிக்கும் பேயின் உருவகத்தைக் கையாண்டார். மலையக எழுத்தாளர் அட்டையையும் உதிரத்தையும் உருவகமாக்கினர். தேயிலைச் செடிக்கு உரமாக உடல்கள் புதைந்தமை நாட்டார் பாடல்களிலும் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளிலும் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. தமிழகத்து வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969 இல் வெளியிட்ட ஆங்கில நாவலுக்குச் ‘சிவப்புத் தேநீர்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். பின்னர் அது ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. நோயையும் கூலியையும் ஒரே கண்ணாற் காணும் பார்வை மருத்துவர் ஒருவருக்கு வாய்த்தமையே அந்நாவலின் சிறப்பு.

நம் எழுத்தாளர் பலரிடம் உதிரம் என்னும் உருவகம் உணர்ச்சியைத் தூண்டும் அளவிலேயே நின்றுவிட்டது. நாள்தோறும் 3 மில்லிலீற்றர் என்ற கணக்கு அவ்வுருவகத்தினும் கொடியது. ஏனெனில் அஃது உருவகமன்று. யதார்த்தவாதம் என்பது துயரத்தை மிகைப்படுத்திக் கூறுவதில் இல்லை. துயரம் விளையும் வழியை, அதன் இணைப்புகளோடு காட்டுவதிலேயே அது தங்கியுள்ளது. மலசலகூடம் கட்டப்படாத லயம், வெறுங்கால், புழு, குடல், குருதி, குறைந்த கொழுந்து, அரைப் பேர், குறைந்த உணவு, மீண்டும் லயம் என்று சுழலும் இவ்வட்டத்தை முழுமையாகக் காட்டும் படைப்பு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது என்பதே இக்கட்டுரையாசிரியரின் எண்ணம்.

8. முடிவுரை

1992 இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் மீண்டும் கையளிக்கப்பட்டது. அப்பத்தாண்டில் தோட்டப் பாடசாலைச் சிறுவருக்குப் புழு மருந்து ஒழுங்காக வழங்கப்படலாயிற்று. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு புழு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே கூடுதற் பயன் தரும் என்பதைத் தோட்டப் பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 1994 இல் காட்டியது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும், பத்தாண்டு மருந்தளிப்பின் பின்னர் 2011 இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட தோட்டச் சிறுவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 29 பேரிடம் மண்வழிப் பரவும் புழுக்கள் காணப்பட்டன. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டத்துறையில் 31.7.

இன்று தாய் - சேய் நலச் சிகிச்சை நிலையங்களிலே கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரையும் கல்சிய மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. கல்சியம் இரும்பின் உறிஞ்சலைக் குறைக்குமாதலால், இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் உட்கொள்ள வேண்டும். இரும்பைத் தேநீரோடு உட்கொள்ளலாகாது என்று அறிவுறுத்தப்படுகின்றது. இவ்வறிவுரை விஞ்ஞான அடிப்படையில் முற்றிலும் சரியானது. ஆனால் விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பத்து மணித் தேநீரும் நண்பகல் நிறுவையும் வகுத்த நேர ஒழுங்கிலே உண்ணும் ஒரு பெண்ணின் நாளில் அவ்வேளைகள் எங்கே உள்ளன? மாத்திரையின் வேளையை மருத்துவர் குறிக்கலாம். வேலை நாளின் ஒழுங்கு அவரது அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

சிறுகுடலின் கலம் ஒவ்வொன்றும் தனக்கு எட்டிய சமிக்ஞைக்கேற்பச் செயற்படுகின்றது. குறைந்ததிலிருந்து கூடியதைப் பெற இடையறாது முயல்கின்றது. நூற்றைம்பது ஆண்டுகளாக மலையகத் தொழிலாளரின் உடல் இப்போராட்டத்தைத் தன்னளவிலே நடத்தி வந்துள்ளது. அவ்வுடலுக்கு மருந்து கொடுத்த இயக்கங்கள் அதனை உழைப்புக் கருவியாகவே நோக்கின. அதனால் மருந்து நிறைவுற்ற இடத்தில் அவற்றின் அக்கறையும் நிறைவுற்றது. காணி, வீடு, நீர், மலசலகூடம், வாழ்க்கைக்குப் போதிய கூலி என்பன மருத்துவத்துக்கு வெளியேயுள்ள கோரிக்கைகள் எனக் கருதப்படும் வரையிற் புழு மீண்டும் வரும். சோகையும் மீண்டும் வரும். ‘கொழுந்து கூடும்’ என்ற காரணத்துக்காக அன்றி, மனிதருக்குரியது என்ற காரணத்துக்காகவே அத்தொழிலாளரின் குருதி காக்கப்படும் நாளில்தான் இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தை எழுத முடியும்.